ஜார்ஜ் பிரைஸ்: கடைசி இரண்டு நிமிடத்துக்கு முந்தைய பதின்மூன்று மாதங்கள்

கோடைமழை எழுதியது:

நவம்பர் பிறந்தால் போதும், ஜார்ஜ் லாரன்ஸ் பிரைஸின் படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். முதல் உலகப் போரில் இறந்த கடைசிக் கனடியச் சிப்பாய். 1918 நவம்பர் 11, காலை 10:58 மணி. போர் நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம் பாக்கி. பெல்ஜியத்தில் வில்-சூர்-ஏன் என்ற கிராமத்துத் தெருவில் ஒரு ஜெர்மானிய ஸ்னைப்பரின் தோட்டா நெஞ்சில் பாய்ந்து இறந்தார். 'ஐயோ பாவம், இரண்டே நிமிடம்' என்று உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

எனக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு மனக்குறை உண்டு. அந்த மனிதர் படையில் இருந்தது ஏறக்குறைய பதின்மூன்று மாதம். அதில் நமக்குத் தெரிந்தது கடைசி இரண்டு நிமிடம் மட்டும்தான். மீதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்த மீதிதான் ஒரு சாதாரணக் கனடியச் சிப்பாயின் போர் எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறது. அதைப் பேசத்தான் இந்த இழை.

எனக்குத் தெரிந்ததை முதலில் வைக்கிறேன். 1892 டிசம்பர் 15 அன்று நோவா ஸ்கோஷியா மாகாணத்து ஃபால்மத்தில் பிறந்தவர். இளவயதிலேயே நாட்டின் மறுகோடிக்கு, சஸ்காட்செவன் மாகாணத்து மூஸ் ஜாவுக்குப் போய்விட்டார். அது அந்தக் காலத்தில் பெரிய ரயில் ஊர், சுற்றிலும் கோதுமை வயல்கள். கிழக்குக் கடற்கரையிலிருந்து வேலை தேடி மேற்கே போன ஒரு பெரிய கூட்டத்தில் இவரும் ஒருவர். 1917 அக்டோபர் 15 அன்று மூஸ் ஜாவிலேயே படையில் சேர்க்கப்பட்டார். கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர் என்றுதான் பொதுவாக எழுதுகிறார்கள். போய்ச் சேர்ந்த இடம் 28ஆவது நார்த்வெஸ்ட் பட்டாலியன் என்ற காலாட்படைப் பிரிவு, அதில் 'ஏ' கம்பெனி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 28ஆவது பட்டாலியன் 1915 செப்டம்பரிலிருந்து பிரான்ஸ், பெல்ஜியம் முனையில் இருந்தது. 1916-இல் கூர்செலெட், 1917 ஏப்ரலில் விமி என்று பெரிய சண்டைகளைப் பார்த்துவிட்டது. பிரைஸ் சேர்ந்து மூன்று வாரம் கழித்து, நவம்பர் 6 அன்று, பாஷண்டேல் கிராமத்தைப் பிடித்த பட்டாலியன்களில் இதுவும் ஒன்று. அந்தச் சேற்றில் கனடியப் படையில் செத்தும் காயப்பட்டும் போனவர்கள் 15,600-க்கும் மேல். அந்த ஓட்டையை அடைக்கத்தான் மூஸ் ஜாவில் இவர் மாதிரி ஆட்களை அளந்து, எடைபோட்டு, ரயிலேற்றிக்கொண்டிருந்தார்கள். இவர் போய்ச் சேர்ந்தது, நிறையப் பேரை ஏற்கெனவே புதைத்துவிட்டு நின்ற ஒரு கூட்டத்தோடு. புது ஆளாக அப்படி ஒரு இடத்தில் போய் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

---

செம்மண் எழுதியது:

நல்ல இழை கோடைமழை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தை ஒதுக்கிவிட்டுப் பேச என்னால் முடியவில்லை. போர் நிறுத்த ஒப்பந்தம் கோம்பியேன் காட்டில் விடிகாலை 5 மணி தாண்டியதுமே கையெழுத்தாகிவிட்டது. கனடியப் படைத் தளபதி ஆர்தர் கரியின் தலைமையகத்துக்குச் செய்தி 6:30-க்கு வந்துவிட்டது. 11 மணிக்கு எல்லாம் நிற்கப்போகிறது என்று தெரியும். தெரிந்தும் நாலரை மணி நேரம் ஆட்களை முன்னே தள்ளியிருக்கிறார்கள். எதற்கு? இன்னும் இரண்டு கிலோமீட்டர் நிலத்துக்கா?

அன்றைக்கு ஒரே காலையில் மேற்கு முனை முழுக்க, எல்லா நாட்டவரையும் சேர்த்து, சுமார் 2,700 பேர் இறந்தார்கள் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. பிரைஸ் அதில் ஒருவர். அமெரிக்கப் படையின் ஹென்றி குந்தர் 10:59-க்கு. பிரெஞ்சுக்காரர் ஒகுஸ்தென் த்ரெபுஷோன் 11 மணிக்குச் சற்று முன்னால். அவர் இறந்த தேதியை நவம்பர் 10 என்று பதிவேட்டில் எழுதிவைத்தது பிரெஞ்சு ராணுவம். கடைசி நாளில் ஆள் செத்தான் என்று எழுத அவர்களுக்கே கை கூசியிருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. சிப்பாயின் சேவையைப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனை அனுப்பியவர்களையும் சேர்த்துப் பேசுங்கள்.

---

கோடைமழை எழுதியது:

செம்மண், உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் காலை என்ன நடந்தது என்பதை முழுதாகப் பார்த்துவிட்டுக் கோபப்படுவோம்.

28ஆவது பட்டாலியன் அன்று அதிகாலை 4 மணிக்கு, பெல்ஜியத்து மோன்ஸ் நகரத்துக்குத் தெற்கே ஃப்ராமெரி என்ற இடத்திலிருந்து கிளம்பியது. உத்தரவு, ஆவ்ரே கிராமம் வரை போய் கனால் து சாந்த்ர் கால்வாயின் பாலங்களைப் பிடிக்க வேண்டும் என்பது. வழியில் பெரிய எதிர்ப்பு இல்லை. 9 மணி வாக்கில் வில்-சூர்-ஏனுக்கு எதிரே கால்வாய்க் கரைக்கு வந்துவிட்டார்கள். 11 மணிக்குச் சண்டை நிற்கும் என்ற செய்தியும் அங்கேதான் பட்டாலியனுக்கு வந்தது.

இப்போது அந்த இடத்தை மனதில் கொண்டுவாருங்கள். இந்தப் பக்கம் மறைவே இல்லாத கால்வாய்க் கரை. அந்தப் பக்கம் வரிசையாக வீடுகள். அந்த வீடுகளின் கூரைச் சன்னல்களை ஒட்டிச் செங்கற்கள் பெயர்க்கப்பட்டிருப்பது இக்கரையிலிருந்தே தெரிந்தது. சுடுவதற்கு ஓட்டை போட்டிருக்கிறார்கள். கூட இருந்த ஆர்ட் குட்மர்ஃபி என்ற சிப்பாய் பிற்பாடு சொன்னபடி, அவரும் பிரைஸும் இன்னும் சிலருமாக ஐந்து பேர் தாங்களாகவே பாலத்தைக் கடந்து போய் அந்த வீடுகளைப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்தார்கள். மேலிருந்து யாரும் போகச் சொல்லவில்லை.

ஒவ்வொரு வீடாகத் தேடினார்கள். ஒரு செங்கல் மதிலை ஒட்டி ஜெர்மானியர்கள் மெஷின் கன்னை நிறுத்திக்கொண்டிருந்ததைக் கண்டார்கள். அவர்களும் இவர்களைக் கண்டுவிட்டார்கள். சரமாரியாகச் சுட்டார்கள். வீட்டுச் சுவர் காப்பாற்றியது. பக்கவாட்டில் ஆள் வந்துவிட்டது தெரிந்ததும் ஜெர்மானியர்கள் பின்வாங்க ஆரம்பித்தார்கள். வீட்டில் இருந்த பெல்ஜியக் குடும்பம் 'ஜாக்கிரதை, வெளியே போகாதீர்கள்' என்று எச்சரித்தது. பிரைஸ் தெருவில் கால் வைத்தார். ஒரே குண்டு, மார்பின் வலது பக்கம். உள்ளே இழுத்துப் போட்டார்கள். எதிர்வீட்டிலிருந்து ஒரு இளம் பெல்ஜிய நர்ஸ், அந்தத் தெருவைத் தாண்டி ஓடிவந்து பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, உயிர் போய்விட்டது.

அந்த நர்ஸைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. ஸ்னைப்பர் குறிவைத்திருந்த அதே தெருவைத்தான் அவரும் கடந்து வந்தார்.

---

வடக்குத்தெரு எழுதியது:

நான் தரைப்படையில் காலாட்படை ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்.

திறந்த வெளியில் உட்கார்ந்திருக்கும் செக்‌ஷனுக்கு எதிரே இருக்கிற ஒரு சன்னலில் செங்கல் பெயர்ந்திருந்தால், அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கும் சிப்பாய் நல்ல சிப்பாய் இல்லை. 11 மணிக்கு நிற்கும் என்பது காகிதத்தில் இருக்கிற சேதி. எதிரே இருக்கிறவனுக்கு அந்தச் சேதி போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தாலும் கேட்பானா என்பது யாருக்கும் தெரியாது. அந்த மெஷின் கன் மதில் மேல் ஏறி நின்றிருந்தால், கால்வாய்க் கரையில் படுத்திருந்த மொத்தக் கம்பெனிக்கும் பதில் சொல்ல நேரமே இருந்திருக்காது. ஐந்து பேர் போய் அந்தத் துப்பாக்கியை விரட்டியிருக்கிறார்கள். அதை வேலை முடிந்தது என்றுதான் நாங்கள் சொல்வோம். பிரைஸ் வீணாகச் செத்தார் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

அதற்காகத் தளபதிகள் மேல் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை, செம்மண் தம்பி. அது வேறு கணக்கு. மேலே உத்தரவு போடுகிறவனைக் கேட்கிற கேள்வியை வைத்துக் கீழே நிற்கிறவன் செய்த வேலையை அளக்காதீர்கள். அவ்வளவுதான்.

கோடைமழை, இன்னொன்று. செப்டம்பரில் அவர் விஷவாயுவில் அடிபட்டார் என்று எங்கோ படித்தேன். சரியா?

---

கோடைமழை எழுதியது:

சரிதான் ஐயா. 1918 செப்டம்பர் தொடக்கத்தில், கனால் து நோர் கால்வாய்ப் பகுதியில் விஷவாயுக் குண்டுகளில் சிக்கி மருத்துவமனைக்குப் போனார். அதே மாதக் கடைசியில் திரும்பப் பட்டாலியனில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு 10:58-ஐ விட இதுதான் மனதைப் பிசைகிறது. நுரையீரலில் வாயு ஏறிய ஒருவரை மூன்று வாரத்துக்குள் மீண்டும் மூட்டை தூக்க வைத்திருக்கிறார்கள். அவரும் தூக்கியிருக்கிறார்.

அந்த நேரத்தில் ஆள் எவ்வளவு தட்டுப்பாடு என்றால், ஆகஸ்ட் 8 அமியான் சண்டை தொடங்கி நவம்பர் 11 வரையான சுமார் நூறு நாளில் கனடியப் படைக்கு ஏற்பட்ட சேதம் மட்டும் 45,000-க்கும் மேல். நாலு டிவிஷன் உள்ள ஒரு படைக்கு இது. அராஸ், கனால் து நோர், காம்ப்ரே, வாலான்சியன், அப்புறம் மோன்ஸ். ஒரு ஊர் முடிந்ததும் மூச்சு வாங்க நேரமில்லாமல் அடுத்த ஊர்.

---

நூலணில் எழுதியது:

சேவையைப் பற்றிப் பேசுவதென்றால் காகிதங்களிலிருந்து தொடங்க வேண்டும். கனடா தேசிய நூலக ஆவணக் காப்பகம் முதல் உலகப் போர்ச் சிப்பாய்கள், நர்ஸுகளின் கோப்புகள் 6 லட்சத்துக்கும் மேல் ஸ்கேன் செய்து, 2018-இல் வேலையை முடித்து, இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. பெயரோ படை எண்ணோ போட்டால் பிடிஎஃப் வந்துவிடும். நான் இதில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பேன்.

ஒரு சாதாரணக் கோப்பில் என்ன இருக்கும் தெரியுமா? முதலில் சேர்க்கைப் படிவம். பெயர், பிறந்த ஊர், நெருங்கிய உறவு யார், என்ன தொழில், கல்யாணம் ஆனதா, அம்மை குத்திக்கொள்ளச் சம்மதமா. பக்கத்தைத் திருப்பினால் உயரம், மூச்சை இழுத்து விரித்த மார்பின் சுற்றளவு, கண் நிறம், முடி நிறம், மதம், உடம்பில் மச்சம், தழும்பு. கட்டாயச் சட்டத்தில் வந்தவர்களுக்குத் தனிப் படிவம். தாமாக வந்தவர்களின் தாளில் 'இந்த வேலைக்கு மனமுவந்து வருகிறீர்களா' என்கிற தோரணையில் கேள்விகள் இருக்கும். அழைக்கப்பட்டவரின் தாளில் விவரம் மட்டும்தான்.

அடுத்தது பி.103 என்ற தாள். போர்முனையில் அவருக்கு என்ன நடந்தது என்பதை ஒவ்வொரு வரியாக எழுத்தர் எழுதியிருப்பார். எந்தத் தேதியில் எந்த யூனிட்டில் சேர்ந்தார், எந்த மருத்துவ நிலையத்துக்குப் போனார், எப்போது திரும்பினார். 'ஷெல் கேஸ்', அதாவது விஷவாயுக் குண்டு, என்று ஒரு வரி, பத்து நாள் தள்ளி 'யூனிட்டில் மீண்டும் சேர்ந்தார்' என்று ஒரு வரி. நடுவில் அவர் எப்படி இருமினார், எத்தனை இரவு தூங்கவில்லை என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் இடமில்லை. ஆனாலும் நிறையப் பேருடைய தாளைப் பார்த்தபின் அந்த இடைவெளிகளைப் படிக்க வந்துவிடுகிறது.

கடைசியில் சம்பளத் தாள். கனடியச் சிப்பாய்க்கு நாளைக்கு 1 டாலர், களப்படி 10 சென்ட், ஆக 1.10 டாலர். பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் போர் தொடங்கியபோது நாளைக்கு 1 ஷில்லிங், அதாவது கால் டாலருக்கும் குறைவு. பிரிட்டிஷ்காரர்களுக்கு இதில் பொருமல் உண்டு. அந்த 1.10-இல் ஒரு பகுதியை வீட்டுக்கு எழுதிவைப்பார்கள், மாதம் 15 அல்லது 20 டாலர். அம்மா பெயருக்கோ மனைவி பெயருக்கோ ஒட்டாவாவிலிருந்து காசோலை போகும். சிப்பாய் இறந்தால் இந்த நெடுவரிசையில் ஒரு கோடு விழுந்து, மீதி எவ்வளவு என்று கூட்டிப்போட்டிருப்பார்கள். இத்தனை கோப்புகள் பார்த்தும் அந்தக் கோட்டை இன்னமும் என்னால் சட்டென்று தாண்டிப் போக முடிவதில்லை.

---

உப்புக்காற்று எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. பிரைஸ் கட்டாயத்தில் வந்தவர். 1914-இலேயே தாமாக வந்து கனடாவின் வால்கார்டியே முகாமில் பயிற்சி எடுத்து, 1915 ஏப்ரலில் ஈப்ருவில் குளோரின் வாயுவுக்கு முன்னால் நின்றவர்களும் இருக்கிறார்கள். கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு நின்றார்கள். முகமூடிகூட அப்போது இல்லை. அவர்களை விட்டுவிட்டு, மூன்று வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, சட்டம் வந்தபின் வந்த ஒருவரைச் 'சாதாரணச் சிப்பாய்' என்று முன்னால் வைப்பது சரியா?

---

நூலணில் எழுதியது:

உப்புக்காற்று, இதை மறுக்கிறேன், கொஞ்சம் அழுத்தமாகவே.

கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் 1917 ஆகஸ்ட் 29 அன்று வந்தது. முதல் வகுப்பில் 20 முதல் 34 வயது வரை உள்ள, மணமாகாத அல்லது மனைவியை இழந்த, பிள்ளையில்லாத ஆண்கள். பதிவு செய்த சுமார் 4 லட்சம் பேரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் விலக்குக் கேட்டு விண்ணப்பித்தார்கள். பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் மட்டும்தான் எதிர்ப்பு என்று நினைக்கிறோம். 1918 ஈஸ்டர் சமயத்தில் கியூபெக் நகரில் ராணுவம் சுட்டு நாலு பேர் செத்தது உண்மைதான். ஆனால் விலக்குக் கேட்டவர்கள் எல்லா மாகாணத்திலும் இருந்தார்கள். விவசாயிகளுக்குக் கொடுத்த விலக்கை 1918 ஏப்ரலில் அரசு திரும்ப எடுத்துக்கொண்டபோது, மே மாதம் ஆயிரக்கணக்கான விவசாயிகள் ஒட்டாவாவுக்கே போய் நின்றார்கள். 'மகனை அனுப்பிவிட்டால் யார் விதைப்பது' என்று கேட்டார்கள். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டத்தின் கீழ் வந்தவர்களில் பிரான்ஸ் முனைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் 24,000 சொச்சம் பேர். எண்ணிக்கையைக் காட்டி 'இதற்கா நாட்டைப் பிளந்தார்கள்' என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் கோடைமழை சொன்ன அந்த நூறு நாளில் பட்டாலியன்கள் நிற்க முடிந்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. முனைக்குப் போனபின் ஸ்னைப்பருக்கு யார் தாமாக வந்தவர், யார் அழைத்து வந்தவர் என்று தெரியாது. பக்கத்தில் நிற்கிறவனுக்கும் அது பொருட்டில்லை. நவம்பர் 11 காலை பாலத்தைத் தாண்டியது யாருடைய உத்தரவிலும் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

---

உப்புக்காற்று எழுதியது:

பாலம் பற்றி நீங்கள் சொல்வது வலுவான வாதம்தான். ஆனாலும் 1914 ஆட்களுக்கு என் மனதில் தனி இடம் உண்டு. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

மார்க்கம்வாசி எழுதியது:

வணக்கம். நான் இங்கே ஒன்டாரியோவில் இருக்கிறேன். நூலணில் அக்கா சொன்ன கோப்புகளை நானும் வாசித்திருக்கிறேன், ஆட்களின் கையெழுத்தைப் பார்க்கையில் ஒருமாதிரி இருக்கும். சாதாரணச் சிப்பாய் என்று கதைக்கும்போது, அந்தச் சொல்லுக்குள் யாரை விட்டார்கள், யாரை விடவில்லை என்பதையும் சொல்ல வேணும்.

பிரைஸ் பிறந்த அதே நோவா ஸ்கோஷியாவில், கறுப்பின இளைஞர்கள் 1914-இலேயே படையில் சேர வந்தார்கள். வெள்ளைக்காரர்கள் உங்களோடு நிற்க மாட்டார்கள் என்று பல இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் 1916 ஜூலை 5 அன்று 2ஆவது கட்டுமான பட்டாலியன் என்று தனியாக ஒன்றை அமைத்தார்கள். துவக்குக்குப் பதிலாகக் கோடரியும் மண்வெட்டியும். பிரான்சின் யூரா மலைப் பக்கம் மரம் வெட்டினார்கள், தண்டவாளத்துக்கும் பதுங்குகுழிக்கும் தேவையான மரம் அது. அவர்களிடம் கனடா அரசு மன்னிப்புக் கேட்டது 2022 ஜூலை 9 அன்று.

அடுத்தது பக்கம் சிங் என்ற சிப்பாய். பஞ்சாபில் மாஹில்பூரில் பிறந்து, பதின்ம வயதில் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தவர். 1915-இல் ஒன்டாரியோவில் படையில் சேர்ந்தார், 20ஆவது பட்டாலியன். 1916-இல் இரண்டு முறை காயம். பிறகு காசநோய். 1919 ஆகஸ்ட் 27 அன்று கிச்சனரில் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார், 25 வயது. பிரைஸுக்கும் சாகும்போது அதே வயதுதான். பக்கம் சிங்கைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. கிட்டத்தட்ட 90 வருஷம் கழித்து அவருடைய பதக்கம் ஒன்று இங்கிலாந்தில் விற்பனைக்கு வர, அதை வாங்கிய ஒரு வரலாற்று ஆர்வலர் பேரைத் தேடித் தேடிக் கல்லறையைக் கண்டுபிடித்தார். கிச்சனர் மவுண்ட் ஹோப் கல்லறைத் தோட்டம். நான் போய்ப் பார்த்தேன். மற்றக் கனடியச் சிப்பாய்களுக்கு வைக்கிற அதே மாதிரிக் கல்தான். இப்போது ஒவ்வொரு நவம்பரும் அங்கே ஆட்கள் கூடுகிறார்கள். அவர் வந்திறங்கிய பிரிட்டிஷ் கொலம்பியாவில் தெற்காசியருக்கு 1947 வரை வாக்குரிமையே இல்லை என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கோ.

---

வடக்குத்தெரு எழுதியது:

மார்க்கம்வாசி, இதை எழுதியதற்கு நன்றி. கட்டுமானப் பட்டாலியனை யாரும் சண்டைக்காரர்களாகக் கணக்கில் எடுப்பதில்லை. ரேஷன், தண்ணீர், பலகை, கம்பி, இவை வராமல் போனால் முன்வரிசை மூன்று நாள் தாங்காது. முனையில் இருந்த எவனைக் கேட்டாலும் சொல்வான்.

பதுங்குகுழி வாழ்க்கை பற்றி யாராவது விவரம் தெரிந்தவர் எழுதினால் நன்றாக இருக்கும்.

---

நூலணில் எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன் ஐயா. பட்டாலியன்கள் முறை வைத்து மாறும். கொஞ்ச நாள் முன்வரிசை, கொஞ்ச நாள் ஆதரவு வரிசை, கொஞ்ச நாள் பின்னால் ஓய்வு. ஓய்வு என்பது பெயருக்குத்தான், இரவில் கம்பியும் பலகையும் சுமக்கக் கூப்பிடுவார்கள். விடிகிற நேரத்திலும் இருட்டுகிற நேரத்திலும் எல்லோரும் துப்பாக்கியோடு படியில் ஏறி நிற்க வேண்டும், ஏனென்றால் தாக்குதல் வருகிற வேளை அது. காலையில் நின்று முடித்ததும் ஒரு மடக்கு ரம். டின் மாட்டிறைச்சி, கல் மாதிரி பிஸ்கட், ஜாம், தேநீர். தேநீரில் பெட்ரோல் வாடை அடிக்கும், தண்ணீர் வருவது பெட்ரோல் டின்னில் என்பதால்.

பேன் இல்லாத சிப்பாயே கிடையாது. சட்டையின் தையலோரம் மெழுகுவத்தியைக் காட்டிப் பேன் முட்டைகளைப் பொசுக்குவார்கள். ஈரத்தில் நின்று நின்று கால் வீங்கி அழுகிப்போகாமல் இருக்கத் திமிங்கில எண்ணெய் தேய்ப்பார்கள். இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் காலை மற்றவர் தேய்த்துவிட வேண்டும் என்பது பல பட்டாலியன்களில் வழக்கம். அதைச் சரியாகச் செய்கிறார்களா என்று அதிகாரி பார்ப்பார். நேற்று வந்த கட்டாய ஆளின் காலை மூன்று வருஷம் இருந்த பழைய ஆள் தேய்த்துவிடுவதும் அப்படித்தான் நடந்திருக்கும்.

1918-இன் கடைசி மாதங்களில் இது எல்லாம் மாறிவிட்டது. பதுங்குகுழியை விட்டு வெளியே வந்து வயல், கால்வாய், ஊர் என்று நடந்துகொண்டே சண்டை. பிரைஸ் அதிகம் பார்த்தது இந்தப் போரைத்தான்.

---

செம்மண் எழுதியது:

தளபதி கரி போட்ட வழக்கைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நானே எழுதுகிறேன்.

மோன்ஸில் கடைசி நாள் ஆட்களைக் கரி வீணாகப் பலிகொடுத்தார் என்ற பேச்சு போர் முடிந்த உடனேயே தொடங்கிவிட்டது. பழைய ராணுவ அமைச்சர் சாம் ஹ்யூஸ் 1919-இல் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். 1927-இல், மோன்ஸில் கனடியர்களுக்கு ஒரு நினைவுப் பலகை திறந்த சமயம், போர்ட் ஹோப் என்ற சின்ன ஊரின் ஈவினிங் கைட் பத்திரிகை அதே குற்றச்சாட்டை முதல் பக்கத்தில் போட்டது. கரி மானநஷ்ட வழக்குப் போட்டார், 50,000 டாலர் கேட்டு. 1928-இல் கோபர்க் நீதிமன்றத்தில் விசாரணை. தினம் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் செய்தி. ஜூரி கரி பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் கொடுத்த தொகை 500 டாலர்.

அந்த 500-ஐ நான் எப்படிப் பார்க்கிறேன் என்றால், சட்டப்படி கரி சரி, ஆனால் மக்கள் மனதில் கேள்வி தீரவில்லை.

---

கோடைமழை எழுதியது:

செம்மண், இங்கேதான் நான் உங்களோடு மாறுபடுகிறேன். முன்னேறு என்ற உத்தரவு கரிக்கும் மேலிருந்து வந்தது. அதை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. போர் நிறுத்த ஒப்பந்தமே 36 நாளுக்கு மட்டும்தான், பிறகு நீட்டிக்க வேண்டும். நாளை மீண்டும் சண்டை வரலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மோன்ஸ் நகரம் முந்தைய இரவே 3ஆவது டிவிஷன் கையில் விழத் தொடங்கிவிட்டது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை முதல் பெரிய சண்டை போட்டுப் பின்வாங்கிய ஊர் மோன்ஸ். அதே ஊரில் போரை முடிக்க வேண்டும் என்ற ஆசை மேலே இருந்தவர்களுக்கு இருந்தது. அந்த ஆசைக்குச் சிப்பாய்கள் விலை கொடுத்தார்கள் என்றால் நான் மறுக்க மாட்டேன். பிரைஸ் விஷயத்தில் வடக்குத்தெரு ஐயா சொன்னதோடு நிற்கிறேன்.

மோன்ஸுக்குப் பக்கத்தில் சான் சிம்ஃபோரியான் கல்லறைத் தோட்டத்தில் இந்தக் கதை முழுவதும் ஒரே இடத்தில் இருக்கிறது. 1914-இல் ஜெர்மானியர்கள் தங்கள் ஆட்களையும் எதிரியின் ஆட்களையும் சேர்த்துப் புதைக்க அமைத்த தோட்டம் அது. 1914 ஆகஸ்ட் 21 அன்று இறந்த ஜான் பார், போரில் செத்த முதல் பிரிட்டிஷ் சிப்பாய், அங்கே இருக்கிறார். நேர் எதிரே சில அடி தூரத்தில் கடைசியாகச் செத்த பிரிட்டிஷ் சிப்பாய் ஜார்ஜ் எலிசன், அதுவும் நவம்பர் 11 காலை. பிரைஸ் முதலில் ஆவ்ரேயில் புதைக்கப்பட்டு, பிறகு இங்கே கொண்டுவரப்பட்டார். மரங்களுக்கு நடுவே, ஜெர்மானியக் கற்களும் பிரிட்டிஷ் கற்களும் கலந்து.

1968-இல், ஐம்பது ஆண்டு கழித்து, அவருடைய கம்பெனியில் உயிரோடு இருந்தவர்கள் வில்-சூர்-ஏனுக்குத் திரும்பப் போய், அவர் விழுந்த இடத்துக்கு அருகே பெயரும் படை எண்ணும் 10:58 என்ற நேரமும் போட்டு ஒரு பலகை பதித்தார்கள். 1991-இல் கால்வாய் மேல் கட்டிய புது நடைபாலத்துக்கு ஊர்க்காரர்கள் அவர் பெயரை வைத்தார்கள். கூட இருந்தவர்கள் அரை நூற்றாண்டு அவரை மறக்கவில்லை. இந்தப் பதின்மூன்று மாதத்தில் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டாம்.

---

உப்புக்காற்று எழுதியது:

28ஆவது பட்டாலியனில் உயிர் தப்பியவர்கள் எப்போது ஊர் திரும்பினார்கள்? நவம்பர் 12-ஆம் தேதியே கப்பல் ஏறிவிடவில்லையே?

---

நூலணில் எழுதியது:

இல்லை. 1ஆவது, 2ஆவது டிவிஷன்கள் ஜெர்மனிக்கு நடந்தே போயின, ஆக்கிரமிப்புப் படையாக. 28ஆவதும் 2ஆவது டிவிஷன்தான். 1918 டிசம்பர் 13 அன்று ரைன் நதியைத் தாண்டினார்கள், 1ஆவது டிவிஷன் கொலோனில், 2ஆவது பான் நகரில். மழையில், தேய்ந்த பூட்ஸோடு, பல நாள் ரேஷன் நேரத்துக்கு வராமல். பிறகு பெல்ஜியம், இங்கிலாந்து வழியாக 1919-இல்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

இங்கிலாந்தில் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். வேல்ஸில் கின்மெல் பார்க் முகாமில் கப்பல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது, குளிர், காசில்லை, சாப்பாடு சரியில்லை, ஸ்பானிஷ் காய்ச்சல் வேறு. 1919 மார்ச் 4, 5 தேதிகளில் கலவரம் வெடித்து ஐந்து கனடியச் சிப்பாய்கள் செத்தார்கள். போரில் தப்பித்து, வீட்டுக்குப் போகக் காத்திருந்த இடத்தில். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.